அரையடியும் சப்ரமஞ்சக் கட்டிலும்

என் மனைவியைப் பட்டறைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அரையடி என்பார்கள். ஆள் குள்ளம், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அவள் என்னைவிட உயரம். அந்தப் பெயர் வந்த கதையே வேறு. அதை அவள் காதுபட யாராவது எடுத்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பாகிவிடும். நான் சமைத்ததை நானே சாப்பிட மாட்டேன். இப்போது அவளே சொல்லச் சொல்லிவிட்டாள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவளுக்கு மரம், எனக்குத் துணி. பழைய சப்ரமஞ்சக் கட்டில்களைச் சரிசெய்து தருவது எங்கள் பிழைப்பு. நாலு மூலையிலும் ஆளுயரத்துக்கு மேலே போகும் தூண்கள், உச்சியில் அவற்றை இணைக்கும் சட்டம், அதன்மேல் துணியால் ஒரு மேற்கட்டி, சுற்றிலும் திரை, இதுதான் சப்ரமஞ்சம். தூணும் சட்டமும் அவள் பாடு, மேற்கட்டியும் திரையும் என் தையல் மெஷின் பாடு. பொழுது விடிந்தால் கட்டில், பொழுது போனால் கட்டில் என்று கிடக்கும் எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. மெத்தையைத் தரையில் போட்டுத்தான் படுக்கிறோம். கேட்டால், வேலை முடிந்த பிறகும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டுமா என்பாள்.

இந்தக் கட்டில்கள் பிறந்தபடியே இருப்பதில்லை. முதலில் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டுக் கயிறு பின்னியிருப்பார்கள். கயிறு தொய்ந்து அலுத்துப்போனதும் குறுக்குப் பலகை வரும், துளைகளை அடைத்துவிடுவார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு நெட்டை மருமகன் வருவான். மாப்பிள்ளையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பக்கச் சட்டத்தில் ஒட்டுப் போட்டு நீளமாக்குவார்கள். அடுத்த தலைமுறை கூரை தாழ்ந்த வீட்டுக்குக் குடிபோகும், தூணின் தலை போகும். மின்விசிறி வந்ததும் மேற்கட்டியே போயிற்று. மின்விசிறியைக் கண்டுபிடித்தவன்மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் கோபம் உண்டு. என் தொழிலில் பாதியைச் சுழற்றி அடித்தவன் அவன்தான். ஒரு வீட்டில் தூணை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் கோட்டு மாட்ட நிறுத்தியிருந்தார்கள். என்ன இது என்று கேட்டதற்கு ‘ஆன்டிக்’ என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அளவெடுத்துவிட்டு வந்தேன்.

அவளுக்கு இதிலெல்லாம் கோபம் வராது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். இந்தப் பக்கம் ஒரு குழந்தை கீழே விழுந்திருக்கிறது, அதனால்தான் இந்தத் தடுப்புக் கம்பி என்பாள். இந்த ஒட்டுப் போட்டவன் அவசரக்காரன் என்பாள். ஒட்டும் அடைப்பும் குறையே இல்லை, யாரோ யாருக்காகவோ செய்தது என்பது அவள் கட்சி. செய்யாமல் இருந்திருக்கலாமே என்பது என் கட்சி. இந்த வழக்கு எங்கள் வீட்டில் கல்யாணம் ஆன நாளாக நடந்துகொண்டிருக்கிறது.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதலில் கட்டிலைப் பார்க்க மாட்டாள். கட்டிலைச் சுற்றித் தரையைக் குதிகாலால் மிதித்து மிதித்துப் பார்ப்பாள். தெரியாதவர்கள் இந்த அம்மாள் ஏன் வந்ததும் ஆடுகிறாள் என்று முழிப்பார்கள். அங்கேதான் அந்த அரையடிக் கதை இருக்கிறது.

அவள் அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். பத்தாவதில் கணக்கில் இவள் கோட்டை விட்டதும், வீட்டில் சும்மா கிடக்காதே என்று ஒரு கட்டில் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே உளி பிடித்தாள், கடைசல் கற்றாள், கொஞ்ச காலத்தில் தனியாக வேலைக்குப் போகுமளவுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. கருப்பு வார்னிஷ் அடித்த சப்ரமஞ்சம், படுத்தால் ஆடுகிறதாம். முதலாளிக்கு அன்றைக்குப் பல்வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இவளைப் போகச் சொன்னார்.

போனாள். ஒரு கால் சற்று உயரமாகப் பட்டது. செங்கல் முட்டுக் கொடுத்துக் கட்டிலைத் தூக்கி, அந்தக் காலில் ஒரு விரற்கடை அறுத்தாள். இறக்கினாள், ஆடிற்று. எதிர்மூலைக் காலை அறுத்தாள், ஆடிற்று. மூன்றாவதை அறுத்தாள். அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. என்னிடமா உன் வேலையைக் காட்டுகிறாய் என்று ஒன்று மாற்றி ஒன்றாக அறுத்துத் தள்ளினாள். சாயங்காலம் வீட்டுக்கார அம்மாள் டீ கொண்டுவந்து கட்டிலோரம் நின்றார். அவர் காலடியில் தரைக்கல் டக்கென்று அசைந்தது. கட்டிலின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது நின்ற கல்தான் இத்தனை நாளும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் காலுக்கு ஏறக்குறைய அரையடி தரையில் தூளாகவும் துண்டாகவும் கிடந்தது.

முதலாளி பல்வலியை மறந்து கத்தினார். பிறகு நாலு புதுத் துண்டுகளைக் கடைந்து ஒட்ட வைத்தார். நாலு காலும் நாலு விதமாக அறுபட்டிருந்ததால் துண்டுகளும் நாலு உயரம். நடுவில் மரமுளை செருகி, வஜ்ஜிரம் தடவி ஒட்டினாள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. கல் மாதிரி இறுகும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் இளகிவிடும். வழக்கமாகத் திருகாணியும் போடுவார்கள், அன்றைக்கு டப்பா காலியாக இருந்தது, கடைக்குப் போய்வர முதலாளிக்குச் சோம்பல். மேலே கருப்பு வார்னிஷ் ஏறியதும் ஒட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரியாமல் போகுமா? மறுநாளிலிருந்து அவள் அரையடி.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கட்டிலின் காலிலும் ரம்பம் வைத்ததில்லை. உயர்த்தித் தரச் சொன்னால் செய்வாள், குறைக்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை விளையாட்டாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உட்கார்ந்து அழுதாள்.

“எத்தனை கட்டில் நல்லபடியா பண்ணிக் குடுத்திருக்கேன். அதுல ஒண்ணுகூட யாருக்கும் ஞாபகம் இல்ல. கெடுத்தது ஒண்ணே ஒண்ணு, அதுதான் என் பேராயிடுச்சு.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றோடு அந்தச் சொல்லை வாயில் எடுப்பதை விட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். அவளுடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், தொங்கக் கூடாது, முக்காலி போட்டு ஏறுவது என்ற பேச்சே கூடாது. அம்மாள் இத்தனை வருஷமாக முக்காலி போட்டுத்தான் ஏறிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவருடையது சப்ரமஞ்சக் கட்டில்.

வேறு கட்டில் போடலாமே என்றேன் நான். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றாள். தரையை உயர்த்திப் பலகை மேடை கட்டலாமே என்றேன். அம்மா கையால் நகர்த்தும் நடை சட்டத்தைப் பிடித்து நடக்க வேண்டும், மேடை தடுக்கும் என்றாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் என் துணிகளிடம் திரும்பிப் போனேன்.

“அப்ப காலைக் குறைக்கலாம்னா, அதுக்கும் அம்மா விடமாட்டாங்கக்கா” என்றாள் அந்தப் பெண். “ஃபேன் மாட்டறதுக்காக அண்ணன் ஒருதடவை தூணோட தலையை அறுத்துட்டான், அம்மா ஊர்ல இல்லாதப்ப. அப்பா வாங்கிக் குடுத்த கட்டில். அதுலேர்ந்து அண்ணனோட சரியாப் பேசறதில்ல. இன்னொரு தடவை ரம்பம் பட்டா அந்தக் கட்டில்ல படுக்கமாட்டேன், எங்க வேணும்னாலும் கொண்டுபோய் விடுங்கன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் முதியோர் இல்லத்துல இடம் பார்த்து வச்சிருக்கான். நாளைக்கு வண்டி வீட்டுக்கு வரும், இல்லன்னா நேரா அங்க போயிடும்.”

வெட்டினாலும் அம்மாள் வர மாட்டார், வெட்டாவிட்டாலும் டாக்டர் விட மாட்டார். என் மனைவி கட்டில் காலைத் தான் அறுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் டார்ச்சையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் கருவிப் பையில் போட்டுக்கொண்டாள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், கூடவே ஒரு மனுஷன் இருக்கட்டும் என்று.

அந்த அறையில் கட்டிலைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளைப் பெயின்ட். மேற்கட்டி இல்லை, திரை இல்லை. தூண்கள் தோளளவில் மொட்டையாக நின்றன. மேலே மின்விசிறி ஒய்யாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் அந்த முக்காலி, மேலே ஏறி ஏறி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. என் மனைவி வழக்கம்போலத் தரையை மிதித்துப் பார்த்தாள். தளம் அசையவில்லை. ரசமட்டம் வைத்தாள், சரியாக இருந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை. நூலகப் பெண் என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அடியிலிருந்து பெயின்ட்டைச் சுரண்டும் சத்தம் ஒரு காலில் கேட்டது, பிறகு அடுத்த காலில், பிறகு அடுத்ததில். அப்புறம் ஒரு மாதிரியான சத்தம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாமல் நான் குனிந்தேன். இரண்டும்தான்.

“ஏங்க, உள்ள வந்து பாருங்க.”

என் வயிற்றோடு கட்டிலுக்கு அடியில் நுழைவது லேசான காரியம் இல்லை. நுழைந்தேன். நாலு காலிலும் பெயின்ட்டுக்கு அடியில் கருப்பு வார்னிஷ், வார்னிஷுக்கு அடியில் மெல்லிய கோடு, ஒட்டுப் போட்ட கோடு. ஒரு காலில் அது கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது, இன்னொன்றில் அதற்கு இரண்டு விரல் மேலே, மூன்றாவதில் கொஞ்சம் கீழே, நாலாவதில் இன்னும் வேறு.

“ஒழுங்கா ஒட்டுப் போட்டவன் நாலையும் ஒரே மட்டத்துல வச்சிருப்பான்” என்றாள். “இப்படி நாலு காலையும் நாலு தினுசா அறுத்த ஆள் உலகத்துலயே ஒருத்திதான்.”

அது அவளுடைய கட்டில். அந்தப் பெரிய வீடு கைமாறியபோது கட்டிலும் விலைபோய், இந்த அம்மாளின் கணவர் கைக்கு வந்து, வெள்ளை பூசி, தலையும் அறுபட்டு, அடையாளம் தெரியாமல் இங்கே நின்றுகொண்டிருந்தது. குறைய வேண்டியது ஏறக்குறைய அரையடி. கட்டிலில் அவள் சேர்த்து ஒட்டியிருந்ததும் அதே அரையடிதான். கழற்றினால் போதும், வெட்ட வேண்டியதில்லை.

என்னை வீட்டுக்கு விரட்டி இஸ்திரிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். செங்கல் முட்டுக் கொடுத்துக் கட்டிலைத் தூக்கினோம். ஈரத் துணியை ஒட்டில் சுற்றி, நான் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்த, ஆவி பறந்தது. நான் அறிந்தவரை ஒரு கட்டில் காலுக்கு இஸ்திரி போட்ட தையல்காரன் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் வஜ்ஜிரம் இளகி வாடை அடிக்க ஆரம்பித்தது. அவள் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டித் திருகினாள், முதல் துண்டு முளையோடு கையில் வந்தது. அன்றைக்குத் திருகாணி டப்பா நிறைந்திருந்தால் வந்திருக்காது. அந்தச் சோம்பேறி முதலாளியை மனதார வாழ்த்தினேன்.

நாலும் வந்த பிறகு கட்டிலை இறக்கினால், நன்றாக ஆடிற்று. இந்த முறை தரையின்மேல் பழி போட முடியாது, பழைய ரோஷத்தின் வேலை. அவள் முகம் ஒரு நொடி வெளிறியதைப் பார்த்தேன். பிறகு கழற்றிய துண்டுகளில் ஒன்றைக் காலால் மிதித்துப் பிடித்து, பையிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். அந்தத் துண்டிலிருந்து வட்ட வட்டமாகச் சில்லுகள் அறுத்து, குட்டையான கால்களுக்கு அடியில் அளவு பார்த்து ஒட்டினாள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. நூலகப் பெண் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள், அம்மாளும் இவள் உயரம்தானாம். பாதம் இரண்டும் தரையில் படிந்தன.

மறுநாள் சாயங்காலம் நாங்களும் அங்கே இருந்தோம், ஏதாவது இளகியிருந்தால் பார்ப்பதற்கு என்று. உண்மையில் எங்களால் பட்டறையில் இருப்புக்கொள்ளவில்லை. வண்டி வந்து நின்றது. மகன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், என்ஜினை நிறுத்தவில்லை. அம்மாள் நடை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசல்வரை வந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

“நேத்து இங்க ரம்பச் சத்தம் கேட்டுச்சாமே. பக்கத்து வீட்ல போன் பண்ணிச் சொன்னாங்க.”

மகள் என் மனைவியைப் பார்த்தாள். மகன் வண்டிப் பக்கம் பார்த்தார். ரம்பம் கட்டிலில் படவே இல்லை என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது, நேற்றைய கணக்கில் அது பொய்யும் இல்லை. சொல்லித் தொலை என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் மனைவி முன்னால் போனாள்.

“கேட்டது நிஜம்தாம்மா. நேத்து நான் அறுத்தது கட்டிலை இல்ல, அதுல ஒட்டியிருந்த துண்டை. ஆனா அந்தக் கட்டில்ல ரம்பம் பட்டிருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி. என் கையாலதான் பட்டுச்சு.”

அப்புறம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள், பல்வலி, தரைக்கல், ரோஷம், ஒன்றையும் விடவில்லை. பைக்குள் இருந்து மிச்சத் துண்டுகளை எடுத்துக் காட்டினாள். தெருவில் தன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மாள் ஒரு துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெட்டினதா?”

“ஆமாம்மா.”

“அப்ப அது என் கணக்குல வராது” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

அறைக்குள் போய், நடை சட்டத்தை ஓரமாக வைத்து, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பாதங்களைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு தானாக எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை செய்து பார்த்தார், புதுச் செருப்பு வாங்கிய குழந்தை நடந்து பார்ப்பதுபோல. கடைசியில் என் மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு நீ ஒழுங்கா வேலை பார்த்திருந்தேன்னா, இன்னிக்கு நான் எங்க போயிருப்பேம்மா?”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் இறங்கியதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகத் தூக்கிக்கொண்டே நடந்த சுமையை அங்கே இறக்கிவிட்டாள். நான் மேலே பார்த்தபடி, அம்மா, மேற்கட்டி ஒன்று புதிதாகத் தைத்துவிடலாமா, மின்விசிறியைக் கழற்றிவிட்டால் அழகாக இருக்கும் என்றேன். ஃபேன் இருக்கட்டும், புழுங்கும் என்றார் அம்மாள். வெளியே மகன் என்ஜினை நிறுத்தும் சத்தம் கேட்டது. அம்மாவின் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதை அந்த மூலையில் வைடா என்றார் அம்மாள். கட்டிலோரம் முக்காலி இருந்த மூலை அது. இனி முக்காலிக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பட்டறையில் போன் அடித்தது. என் கையில் ஊசி, அவள்தான் எடுத்தாள். யாரோ புது ஆள், அந்த அம்மாள் சொல்லி அனுப்பியவர். கட்டில் கால் வேலைக்கு ஒருவரைத் தேடுகிறாராம், பெயர் மறந்துவிட்டதாம், என்னவோ அளவு மாதிரி ஒரு பெயர் என்று இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தையல் நின்றுவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

“ஆமாங்க, அரையடிதான் பேசறேன். முதல்ல உங்க வீட்டுத் தரை ஆடுதான்னு மிதிச்சுப் பாருங்க, அப்புறம் நான் வர்றேன்.”